குவாட் நிலைமின் ஒலிபெருக்கி

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் இயங்கிய அக்கௌஸ்டிகல் மேனுஃபேக்சரிங் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கி. வடிவமைத்தவர் பீட்டர் வாக்கர். 1985 வரை உற்பத்தியில் இருந்தது.

அமைப்பு: துளையிட்ட இரு மின்தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தாழ்சுரப் பலகங்களின் படலத்துக்கு ஏறத்தாழ 6,000 வோல்ட்டும், உயர்சுரப் பலகத்துக்கு 1,500 வோல்ட்டும் நிலையாக ஊட்டப்படும். இசைக் குறிகை தகடுகளில் ஏறும்போது படலம் முன்னும் பின்னும் அதிர்கிறது.

ஏற்ற பெருக்கி: இக்கருவி மின்தேக்கி போன்ற சுமை. இதன் மின்மறுப்பு பெரும்பகுதியில் 15 ஓமுக்கு மேல் இருந்தாலும், உயர் அதிர்வெண்களில் 2 ஓம் அளவுக்குச் சரியும். அத்தகைய சுமையில் நிலைதடுமாறும் பெருக்கிகள் பொருந்தா. உள்ளீட்டு உச்ச வரம்பு 33 வோல்ட். அதைத் தாண்டினால் பலகத்தில் மின்பொறி பாய்ந்து படலம் பழுதாகும். 15 வாட் திறனுள்ள ‘குவாட் 2’ வால்வு பெருக்கி இதற்கு இயல்பான இணை.

அறை: பின்புறமும் சம அளவில், எதிர்க் கட்டத்தில் ஒலி வெளிப்படும். பின்சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலிப்பு நேரொலியோடு கலந்து தாழ்சுரத்தைக் குலைக்கும். ஆகவே போதிய இடைவெளி தேவை. பக்கவாட்டில் ஒலி பெரிதும் ரத்தாவதால் பக்கச்சுவர்களின் தாக்கம் குறைவு. உயர்சுரக் கற்றை குறுகியது. எனவே கேட்பவரை நோக்கித் திருப்பி வைப்பது வழக்கம்.

இதன் அடுத்த மாதிரியாக 1981இல் வந்த இ.எஸ்.எல்.-63, வளைய மின்தகடுகளாலும் பாதுகாப்புச் சுற்றாலும் இக்குறைகளைத் தணித்தது.