எதிராளியின் புத்தி

வீடியோ கேம் ஆடுவதோடு நில்லாமல், கச்சேரி கேட்டுவிட்டு வரும் ரசிகர்கள் பாடகரின் மனோதர்மத்தைப் பற்றி இரவெல்லாம் வாதிப்பதைப் போல, ஆட்டத்தின் அமைப்பைப் பற்றி ஓயாமல் வாதிக்கும் ஒரு கூட்டம் இன்று உலகெங்கும் உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஓர் ஆட்டத்தைக் கடினமாக்குவது என்றால் என்ன என்பதே எங்களுக்குள் அடிக்கடி எழும் வாதம். சுலபம், நடுத்தரம், கடினம் என்று படிகளை வகுத்து, கடினமான படியில் பகைவனுக்கு இரண்டு மடங்கு உயிரையும் ஆடுகிறவனுக்குப் பாதி உயிரையும் கொடுத்துவிடுகிற ஆட்டங்களே மிகுதி. பத்து அடியில் விழுந்த பகைவன் இருபது அடியில் விழுவான். ஆனால் அவன் நிற்கும் இடமும், ஓடும் வழியும், ஏமாறும் விதமும் முன்போலவே இருக்கும். ஆடுகிறவனுக்கு அதனால் காலம் அதிகம் செலவாகிறதே தவிர, யோசனை அதிகம் செலவாவதில்லை. மெய்யான கடினம் எதிராளியின் புத்தியிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கணினி வந்த பிறகு தோன்றிய புதுக் கொள்கை இது என்று நினைப்பவர்கள், கல்கத்தா நகரத்தின் சதுரங்க சரித்திரத்தைச் சற்றே பார்க்க வேண்டும்.

1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை ஸ்தாபித்த சர் வில்லியம் ஜோன்ஸ், 1790இல் வெளிவந்த அக்கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதியில், இந்தியச் சதுரங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ராதாகாந்தர் என்ற பண்டிதர் வாயிலாக அவர் அறிந்துகொண்டது, நாம் இன்று ஆடும் இருவர் ஆட்டத்தை அல்ல. நால்வர் நான்கு திசைகளில் அமர்ந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தை. வங்கத்து ஸ்மிருதிகாரரான ரகுநந்தனர் தம் திதிதத்துவத்தில் விவரித்திருப்பதும் இதே ஆட்டந்தான். ஐந்து விழுந்தால் அரசனோ காலாளோ நகரலாம். நான்கு விழுந்தால் யானை, மூன்று விழுந்தால் குதிரை, இரண்டு விழுந்தால் படகு. நதிகளும் கழிமுகங்களும் நிறைந்த தேசத்தில் தேருக்குப் பதிலாகப் படகு சேனையில் இடம்பெற்றது இயல்பே. எதிரெதிரே அமர்ந்த இருவர் நேசர்கள்; ஆயினும் நேசனின் சிம்மாசனத்தில் தன் அரசனைக் கொண்டுபோய் அமர்த்திவிட்டால் இரு சேனைகளும் ஒருவன் வசமாகிவிடும்.

விதியமைப்பு என்ற நோக்கில் இது அபாரமான கற்பனை. யுத்தத்தில் அதிருஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பகடை புகுந்த சதுரங்கத்தைச் சாஸ்திரம் என்ற ஸ்தானத்தில் வைக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. நான் அவர் பக்கமே நிற்கிறேன். எந்தக் காய் நகர வேண்டும் என்று பகடை சொல்லும்போது, தோற்றவன் பகடையைத்தான் நொந்துகொள்வான். தன் யோசனையில் எங்கே பிசகு நேர்ந்தது என்று தேடமாட்டான்.

பகடையைத் துறந்த இருவர் ஆட்டமும் தேசமெங்கும் நெடுங்காலமாக இருந்து வந்ததே. அதன் விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் சிறிது வேறுபட்டன என்றாலும், ஐரோப்பிய முறையிலிருந்து அது விலகி நின்ற இடங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. சிப்பாய் முதல் நகர்விலும் பெரும்பாலும் ஒரு கட்டந்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமை இல்லை, அதற்குப் பதிலாக ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் எந்த நிரலில் ஏறியதோ அந்த நிரலுக்குரிய காயாகவே மாறும். திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற தென்னாட்டுப் பண்டிதர் சமஸ்கிருதத்தில் இயற்றிய சதுரங்க நூலை ஐரோப்பிய முறைக்கு இணங்க மாற்றி 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியிட்டபோதே, இவ்விரு விதிமுறைகளும் நேருக்கு நேர் சந்திக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தச் சந்திப்பு பலகையின் மேல் முழு வேகத்தோடு நிகழ்ந்தது கல்கத்தாவில். நிகழ்த்தியவர்கள் ஒரு ஸ்காட்லாந்து வக்கீலும் வங்கத்துப் பிராமணர் ஒருவரும்.

ஜான் காக்ரேன் 1798இல் பிறந்தவர். 1822இல் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1824இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் வக்கீல் தொழில் நடத்தினார். 1841இலிருந்து 1843 வரை விடுமுறையில் லண்டனுக்குப் போயிருந்த காலத்தில், அந்நாளில் தலைசிறந்து விளங்கிய ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிவிட்டுத் திரும்பியவர் அவர். அப்படிப்பட்டவருக்குக் கல்கத்தாவில் சமமான எதிராளி கிடைப்பது அரிதாயிற்று. அந்தத் தருணத்தில், 1848ஆம் ஆண்டையொட்டி, சதுரங்கச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் நாட்டுப்புறத்துக்குப் போயிருந்தபோது, சுதேசி ஆட்டத்தில் தோல்வியே கண்டறியாதவர் என்று சுற்றுவட்டாரமெல்லாம் புகழப்பட்ட ஒரு பிராமணரைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவர்தான் மகேஷ் சந்திர பானர்ஜி. வயது அப்போது சுமார் ஐம்பது. ஐரோப்பிய விதிகளில் பழக்கமில்லாத அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார்கள். விதிகளை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்ட அவர், சங்கத்தில் சிறு ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டு, காக்ரேனின் நிரந்தர எதிராளியானார்.

ஐம்பது வயதில் ஒருவர், தம் ஆயுட்காலமெல்லாம் கைவந்த ஆட்டத்தின் அஸ்திவாரத்தையே மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தைத் தம் தாய்மொழியாக வைத்திருக்கும் வித்வானின் முன் உட்காருவது எத்தகைய காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்க நாட்களில் காக்ரேன் அவரிடம் காட்டிய ஓர் ஆட்டம் இன்றும் உலகப் பிரசித்தம். இருவரும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்கள். இருவரும் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்ந்தார்கள். காக்ரேனின் குதிரை நடுக்கட்டத்துச் சிப்பாயை வெட்ட, மகேஷ் சந்திரர் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அந்தக் குதிரையை விரட்டினார். திரும்பிப் போக வேண்டிய குதிரை திரும்பவில்லை. ராஜாவுக்கு அருகிலிருந்த சிப்பாயை வெட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் கோட்டை கட்டும் உரிமை போய்விடும். கோட்டை கட்டும் உரிமையையே அண்மையில் கற்றுக்கொண்ட ஒருவரிடமிருந்து முதற்காரியமாக அதைப் பறிக்கும் யுக்தி அது. 1848இல் கல்கத்தாவில் ஆடப்பட்ட அந்தப் பலிக்கு இன்றளவும் காக்ரேன் கேம்பிட் என்றே பெயர்.

மகேஷ் சந்திரர் தோற்றார். தொடர்ந்து பலமுறை தோற்றார். எஞ்சியிருக்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் பெரும்பாலானவை காக்ரேனுக்கே வெற்றி. ஆனால் தோல்விகளுக்கு அவர் கண்ட பரிகாரம் காக்ரேனைப் போல ஆடுவதாக இல்லை. இங்கேதான் இந்தச் சரித்திரத்தின் சாரமே இருப்பதாக நான் கருதுகிறேன். சிப்பாய்கள் ஒவ்வொரு கட்டமாக நகரும் ஆட்டத்தில், பலகையின் நடுவிடத்தை முதலிலேயே அடித்துப் பிடிப்பதென்பது இயலாது. ஓரத்துச் சிப்பாயைச் சற்றே உயர்த்தி, பின்னால் மூலைவிட்டத்தில் பாயும் காயை ஒதுக்கமாக வைத்து, எதிராளி முன்னேறி வரட்டும் என்று பொறுத்திருந்து, வந்தபின் அவன் சேனையின் அடிவாரத்தைத் தாக்குவதே அந்த ஆட்டத்தின் இயல்பான ஒழுங்கு. புதிய விதிகளுக்குள் வந்த பிறகும் மகேஷ் சந்திரர் இந்தப் பொறுமையைக் கைவிடவில்லை. நடுவிடத்தை இரு சிப்பாய்களால் அடைத்துக்கொள்வதே சாஸ்திரோக்தம் என்று ஐரோப்பா முழுவதும் நம்பியிருந்த காலத்தில், நடுவிடத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்துத் தூரத்திலிருந்து அதை அரிக்கலாம் என்பதைக் கல்கத்தாவில் சம்பளத்துக்கு ஆடிய ஒருவர் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். இந்தியத் தற்காப்பு என்ற பெயரில் இன்று வழங்கும் தொடக்க ஆட்டங்கள் அவருடைய ஆட்டத்தை ஒட்டியே அப்பெயர் பெற்றன.

1855ஆம் ஆண்டு மே மாதத்து ஆட்டம் ஒன்றை இதற்குச் சாட்சியாகக் காட்டலாம். காக்ரேன் வெள்ளைக் காய்களோடு ராணியின் சிப்பாயை முன்தள்ளினார். மகேஷ் சந்திரர் குதிரையை வெளிக்கொணர்ந்து, ராஜா பக்கத்து ஓரத்தில் சிப்பாயை உயர்த்தி, தக்க சமயத்தில் தம் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சினார். பிறகு குதிரைகளை மாற்றிக்கொண்டு, வெள்ளையின் நடுவிடத்தை மூலைவிட்டத்திலிருந்து குறிவைத்தார். அன்றைய ஆட்டத்தில் கடைசியில் காக்ரேன் ராணியைப் பலியிட்டு, தன் காய்களாலேயே சூழப்பட்டு மூச்சு முட்டிய கறுப்பு ராஜாவைக் குதிரையால் முற்றுகையிடும் நிலைக்குக் கொண்டு வந்தார். முடிவு எப்படியாயினும், கறுப்பு ஆடிய அந்தத் தொடக்கம் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் 1922இல் பெரும் பந்தயங்களில் ஆடி, அவர் பெயராலேயே வழங்கப்படும் தற்காப்பேதான். இடையில் 67 ஆண்டுகள். 1956இல் பதின்மூன்று வயது பாபி ஃபிஷர் நியூயார்க்கில் ஆடி உலகத்தைத் திகைக்க வைத்த ஆட்டமும் இந்த வழியில் வந்ததே.

பலமற்றவனுக்கும் பலசாலிக்கும் ஆட்டத்தைச் சமமாக்க அந்நாட்களில் இருந்த ஏற்பாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். பலசாலி தன் காய் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு ஆடுவான். 1821இல் பாரிஸுக்கு அருகே செயின்ட் க்ளூவில், டெஷாப்பெல் என்ற பிரெஞ்சு நிபுணர், காக்ரேனுக்கும் லா பூர்தொனே என்ற மற்றோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சிப்பாயையும் இரண்டு நகர்வுகளையும் விட்டுக்கொடுத்தே ஆடினார். இந்தச் சம்பிரதாயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. குறைக்கப்படுவது சேனைதான், எதிராளியின் புத்தி முழுமையாக எதிரே நிற்கிறது, தோற்கிறவனும் அந்தப் புத்தியிலிருந்து பாடம் பெறுகிறான். 1991இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற சிவிலைசேஷன் ஆட்டத்தின் கடின படிகளிலோ, கணினி நடத்தும் அரசுகளுக்கு உற்பத்தியில் சலுகைகள் கூடுகின்றன, யோசனை கூடுவதில்லை. டெஷாப்பெல் செய்ததற்கு நேர் விபரீதம் அது: அவர் புத்தியை வைத்துக்கொண்டு பொருளை விட்டார், இங்கே புத்திக்குப் பதிலாகப் பொருள் குவிக்கப்படுகிறது. அந்த ஆட்டத்தை நான் மிகவும் நேசிக்கிறேன்; அதனாலேயே இந்தக் குறை என்னை உறுத்துகிறது.

கல்கத்தாவுக்கு 1856இல் மற்றொரு சதுரங்கச் சம்பந்தம் வந்து சேர்ந்தது. அவத் ராஜ்யத்தை இழந்த நவாப் வாஜித் அலி ஷா அவ்வருஷம் மெட்டியாபுருஸில் வந்து குடியேறினார். ராஜ்யம் பறிபோகும் வேளையிலும் சதுரங்கப் பலகையைவிட்டு எழாத இரு பிரபுக்களைப் பற்றிப் பிரேம்சந்த் எழுதிய கதையை 1977இல் கல்கத்தாக்காரரான சத்யஜித் ராய் திரைப்படமாக்கியபோது, ஆங்கில விதிகளை ஒருவர் பிரபுக்களுக்கு விளக்கும் கட்டம் ஒன்றை வைத்தார்: மந்திரியின் இடத்தில் ராணி, சிப்பாய்க்கு இரண்டு கட்டப் பாய்ச்சல், ஆட்டம் துரிதமாக முடியும். விதியை மாற்றுகிறவன் ஆட்டத்தின் வேகத்தையும் மனிதர்களின் சுபாவத்தையும் சேர்த்தே மாற்றுகிறான் என்பதை ராய் நன்கு உணர்ந்திருந்தார்.

இயந்திர எதிராளியின் கதைக்கும் இந்த நகரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. வியன்னாவில் கெம்பெலன் 1770இல் காட்சிக்கு வைத்த, சதுரங்கம் ஆடும் துருக்கியப் பதுமை, பெட்டிக்குள் ஒரு மனிதனை ஒளித்துவைத்த மாயம். பதுமையின் கைக்குள் மனிதனின் புத்தியே இருந்தது. மனிதன் இல்லாத புத்தியைப் பற்றிய தீவிரமான விசாரணை 1948இல் நார்பர்ட் வீனர் தம் சைபர்நெட்டிக்ஸ் நூலின் இறுதியில் எழுதிய குறிப்பிலும், 1950இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலும் தொடங்குகிறது: சில நகர்வுகள் முன்னோக்கி, எதிராளி தனக்கு ஆகச் சிறந்ததையே ஆடுவான் என்று கொண்டு, கிடைக்கும் நிலைகளை மதிப்பிட்டுத் தேர்வதே இருவரும் கூறிய முறை. அந்த வீனர் 1955-56இல் கல்கத்தாவின் வடபுறம் பாராநகரிலுள்ள மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சில மாதங்கள் தங்கினார். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான எச்.ஈ.சி.-2எம் அங்கே வந்ததும் 1955இலேயே. அந்த இயந்திரத்துக்குத் திட்டக் கணக்குகள் நிறைய இருந்தன. இருந்தாலும், மகேஷ் சந்திரர் குருன்ஃபெல்ட் தற்காப்பை ஆடி நூறு ஆண்டுகள் நிறைந்த சமயத்தில், சதுரங்க இயந்திரத்தின் தத்துவத்தை எழுதியவர் அதே ஊரில் நடமாடினார் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

1997இல் டீப் ப்ளூ என்ற கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற பிறகு, பலத்தைப் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது. பலவீனத்தைப் பற்றிய கேள்வி முடியவில்லை. சாமானியன் தோற்காமல் ஆட வேண்டுமென்று பல செயலிகள் நடுநடுவே குருட்டாம்போக்கில் ஒரு தப்பான நகர்வைப் புகுத்துகின்றன. பத்து நகர்வுகள் மேதையைப் போல ஆடிவிட்டு, பதினோராவதில் காரணமே இல்லாமல் ராணியை இழக்கும் எதிராளியிடம் கற்பதற்கு என்ன இருக்கிறது? மகேஷ் சந்திரரின் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒரு வேறு ஆட்டத்தின் ஒழுங்கிலிருந்து எழுந்தவை. அவற்றுக்குக் காரணம் உண்டு, பழக்கம் உண்டு, திருத்தம் உண்டு. காக்ரேன் அத்தனை ஆண்டுகள் அவரிடம் சலிக்காமல் ஆடியதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வீடியோ கேம் அமைப்பாளர்களில் இதை உணர்ந்தவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள். 1980இல் தோரு இவாத்தானி படைத்த பேக்-மேனில் துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு சுபாவங்கள்: ஒன்று நேரே துரத்தும், ஒன்று நாம் போகுமிடத்துக்கு முன்னே சென்று மறிக்கும், ஒன்று அருகே வந்ததும் விலகி ஓடும். கணக்கு மிக எளியது. ஆயினும் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அவற்றை நாம் பாத்திரங்களாகவே நினைக்கிறோம். 2005இல் வந்த ஃபியர் ஆட்டத்தில் எதிரிச் சிப்பாய்கள் தங்கள் நோக்கத்துக்கு ஏற்ற காரியங்களை வரிசைப்படுத்தித் தாங்களே திட்டமிட்டார்கள். மேசையைக் கவிழ்த்து மறைந்துகொண்டார்கள், பக்கவாட்டில் வந்தார்கள். அந்த வழியில் அதிகம் பேர் தொடரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

கல்கத்தா தன் சதுரங்கத்தை மறக்கவில்லை. இந்நகரத்து திவ்யேந்து பருவா பதின்ம வயதில், 1982இல் லண்டனில் உலகின் முன்னணி ஆட்டக்காரரான விக்டர் கோர்ச்னாயைத் தோற்கடித்து, 1991இல் ஆனந்துக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது கிராண்ட் மாஸ்டரானார். சூர்ய சேகர் கங்குலி ஆனந்தின் உலகப் பட்டப் போட்டிகளில் உடனிருந்து உழைத்தார். கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில், கடைகளின் இரைச்சலுக்கு நடுவே, மாலைதோறும் பலகைகள் விரிகின்றன. ஆனால் மகேஷ் சந்திர பானர்ஜியின் பெயரைச் சொல்லும் தொடக்க ஆட்டம் ஒன்றுகூட நம் செயலிகளின் பட்டியலில் கிடையாது. கைப்பேசியில் அந்த நகர்வுகளை ஆடிப் பார்த்தால், மூன்றாவது நகர்விலேயே திரையில் வியன்னாக்காரரின் பெயர் தோன்றுகிறது. பெயரிட்ட பழைய வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில், கல்கத்தா, 1855 என்ற குறிப்போடு மகேஷ் சந்திரரின் பெயரையும் சேர்க்கச் செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை அவர்கள் எழுத வேண்டும்.