வழங்கிக் கொத்துகளில் பதிவுக் கோப்புச் சிதைவு

பதிவுக் கோப்புச் சிதைவு என்பது, கணினி வழங்கிகள் தம் செயல்களை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பிலுள்ள தரவு, எழுதப்பட்டவாறே திரும்பப் படிக்க இயலாமற் போகும் நிலையைக் குறிக்கும். ஒரே பணியைப் பகிர்ந்து செய்யும் பல வழங்கிகளின் கூட்டம் வழங்கிக் கொத்து என்றும், அதிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் கணு என்றும் அழைக்கப்படும். தனித்து இயங்கும் கணினியில் இச்சிதைவின் பாதிப்பு அக்கணினியோடு நின்றுவிடும். கொத்திலோ, ஒரு கணுவில் சிதைந்த கோப்பைத் தவறான முறையில் சரிசெய்தால், சிதைவே இல்லாத பிற கணுக்களில் உள்ள நல்ல தரவும் அழியக்கூடும்.

இருவகைப் பதிவுகள்

பொதுவழக்கில் லாக் எனப்படும் சொல் இரண்டு வேறுபட்ட கோப்புகளைக் குறிக்கின்றது. முதலாவது நிகழ்வுப் பதிவு. யார் நுழைந்தார், எந்தச் சேவை எப்போது நின்றது, என்ன பிழை தோன்றியது போன்றவற்றை மனிதர் படிப்பதற்காக எழுதிவைப்பது இது. இது சிதைந்தால் விசாரணைக்கான தடயம் போகும், தரவு போகாது.

இரண்டாவது முன்னெழுத்துப் பதிவு. தரவுத்தளத்தில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே, அம்மாற்றம் இன்னது என்பதை இக்கோப்பின் இறுதியில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்ட பின்னரே மாற்றம் நிலைபெற்றதாக அறிவிக்கப்படும். மின்தடைக்குப் பின் தரவுத்தளம் எழும்போது இப்பதிவைப் படித்தே தன் நிலையை மீட்டுக்கொள்ளும். எனவே இது சிதைந்தால் மீட்சிக்கான அடிப்படையே ஆட்டங்காணும். இக்கட்டுரை பெரும்பாலும் இவ்வகை பற்றியது.

முன்னெழுத்துப் பதிவின் விதிகளை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1978இல் வெளியான தம் குறிப்புகளில் விளக்கினார். அதன் அடிப்படையில் அமைந்த ஏரீஸ் என்னும் மீட்பு வழிமுறை 1992இல் கட்டுரையாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியரான சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்றவர். செயலிழப்புக்கு முன் நடந்த அனைத்தையும் பதிவிலிருந்து முதலில் அப்படியே மீண்டும் நிகழ்த்தி, பின்னர் முற்றுப்பெறாத செயல்களை மட்டும் திரும்பப்பெறுவது இவ்வழிமுறையின் சிறப்பு.

காரணங்கள்

மிகப் பரவலான காரணம் அரைகுறை எழுத்து. ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், அப்பதிவின் முற்பகுதி மட்டும் வட்டில் இருக்கும். வட்டு நிறைந்துவிட்டாலும் இதுவே நேரும். வட்டின் இடைமாற்று நினைவகத்தில் மட்டும் தங்கியிருந்த தரவை 'எழுதியாயிற்று' என்று வட்டு முன்கூட்டியே அறிவிப்பதும் உண்டு. அப்போது மின்தடை ஏற்பட்டால் ஒரு பதிவல்ல, பல பதிவுகள் காணாமற் போகும்.

இவற்றினின்றும் வேறானது, ஒழுங்காக எழுதப்பட்ட தரவு பின்னாளில் வட்டிலேயே கெடுவது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 15.3 இலட்சம் வன்தட்டுகளை 41 மாதங்கள் கவனித்து, 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட சரிபார்ப்புத் தொகை முரண்பாடுகளைக் கண்டது. விலை குறைந்த சாட்டா வகை வட்டுகளில் இது கூடுதலாக இருந்தது.

முதன்மை நினைவகப் பிழையும் ஒரு காரணம். கண்டறிவதற்குக் கடினமானதும் இதுவே. சரிபார்ப்புத் தொகை கணிக்கப்படுவதற்கு முன்பே நினைவகத்தில் தரவு மாறிவிட்டால், பிழையான தரவுக்குச் சரியான தொகை கணிக்கப்படும். பின்னர் எச்சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது.

சிதைவு போலத் தோன்றுபவை

சிதைந்ததாகக் கருதப்படும் நிகழ்வுப் பதிவுகளில் பல, உண்மையில் வட்டுப் பழுதால் ஆனவை அல்ல. லினக்ஸில் பழைய பதிவுகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் என்னும் நிரலை, கோப்பைப் படியெடுத்துவிட்டு மூலக்கோப்பின் நீளத்தைச் சுழியமாக்கும் முறையில் இயக்கலாம். எழுதும் நிரல் அக்கோப்பை 'இறுதியில் சேர்' என்னும் முறையில் திறக்காமலிருந்தால், சுழற்சிக்குப் பின்னும் தான் முன்பு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். கோப்பின் தொடக்கம் முழுதும் சுழிய எண்பிட்டுகளாக இருக்கும். அதைத் தேடும் கிரெப் கட்டளை, இது உரைக்கோப்பன்று எனக் கருதி, பொருந்தும் வரிகளைக் காட்டாது விடும்.

பல கணுக்கள் என்எஃப்எஸ் வழியாக ஒரே கோப்பில் எழுதுவது மற்றொரு பொறி. அம்முறைமை 'இறுதியில் சேர்' என்பதைத் தானாக ஆதரிப்பதில்லை. கோப்பின் இறுதியைக் கணுவே கணித்து எழுதுகிறது. இரண்டு கணுக்கள் ஒரே நேரத்தில் கணித்தால், ஒன்றன் வரி மேல் மற்றதன் வரி விழும். ஒவ்வொரு கணுவும் தனிக்கோப்பில் எழுதுவதே இதற்குத் தீர்வு.

கண்டறிதல்

ஒவ்வொரு பதிவோடும் அதன் நீளமும் சரிபார்ப்புத் தொகையும் சேர்த்து எழுதப்படும். படிக்கும்போது தொகையை மீண்டும் கணித்து ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும். எட்சிடி, காஃப்கா, போஸ்ட்கிரெஸ் ஆகியவை இதற்கு சிஆர்சி முறையையும், சூக்கீப்பர் அட்லர் முறையையும் பயன்படுத்துகின்றன.

தொகை பொருந்தவில்லை என்பது தெரிவது எளிது. ஏன் பொருந்தவில்லை என்பதே கேள்வி. கோப்பின் கடைசிப் பதிவு மட்டும் பொருந்தவில்லையெனில், அது அரைகுறை எழுத்தாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்பதிவு நிலைபெற்றதாக இக்கணு எவருக்கும் அறிவித்திராது என்பதால் அதை வெட்டிவிடலாம். பொருந்தாத பதிவுக்குப் பின்னர் நல்ல பதிவுகள் தொடர்ந்தால், அது பின்னாளில் கெட்ட பதிவு. அதனை வெட்டுவது, நிலைபெற்ற தரவை வெட்டுவதாகும்.

வெட்டுவதன் விளைவு

ஐந்து கணுக்கள் கொண்ட கொத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவ்வகைக் கொத்துகளில் ஒரு பதிவு பெரும்பான்மைக் கணுக்களில், அதாவது மூன்றில், எழுதப்பட்டால் நிலைபெறும். அ, ஆ, இ ஆகிய கணுக்களில் 100 பதிவுகளும், பின்தங்கிய ஈ, உ ஆகியவற்றில் 90 பதிவுகளும் உள்ளன. 100ஆம் பதிவு வரை அனைத்தும் நிலைபெற்றவை.

அ கணுவில் 95ஆம் பதிவு வட்டுப் பழுதால் கெடுகிறது. அக்கணு மறுதொடக்கம் பெறும்போது, இதனை அரைகுறை எழுத்து எனக் கருதி 95 முதல் அனைத்தையும் வெட்டிவிடுகிறது. அந்நேரத்தில் ஆ, இ இரண்டும் வலையமைப்பில் இல்லை. எஞ்சிய அ, ஈ, உ மூன்றும் பெரும்பான்மை ஆதலால் தலைமைக் கணுவைத் தேர்ந்தெடுக்கின்றன. 94 பதிவுகள் கொண்ட அ தலைமையாகிறது. அது 95ஆம் எண்ணில் புதிய பதிவை எழுதுகிறது. பின்னர் திரும்பிவரும் ஆ, இ ஆகியவை தலைமையைப் பின்பற்றித் தம்மிடமிருந்த 95 முதல் 100 வரையிலான நல்ல பதிவுகளைத் தாமே நீக்கிவிடுகின்றன. ஆறு பதிவுகளும் எவ்விதப் பிழைச்செய்தியுமின்றி மறைந்துபோகின்றன. விதியை எந்தக் கணுவும் மீறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் ஐஸ்வர்யா கணேசன், ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ரெடிஸ், சூக்கீப்பர், கசாண்ட்ரா, காஃப்கா உட்பட எட்டு முறைமைகளைச் சோதித்தது. பல படிகள் இருப்பதாலேயே பழுதைத் தாங்கிக்கொள்ள இயலாது என்பதும், செயலிழப்பையும் சிதைவையும் ஒன்றெனக் கருதுவது பரவலான குறை என்பதும் அதன் முடிவுகளுள் அடங்கும். இதே குழுவினர் 2018இல் ஒரு தீர்வை முன்வைத்தனர். அதன்படி, ஒரு பதிவு முழுமையாக எழுதப்பட்டது என்பதற்கான சிறு அடையாளம் வேறோர் இடத்தில் வைக்கப்படும். பதிவு பொருந்தாமல் அடையாளம் மட்டும் இருந்தால் அது சிதைவு. கணு அதை வெட்டாது, பிற கணுக்களிடமிருந்து அப்பதிவை மட்டும் கேட்டுப் பெறும்.

சீரமைப்பு

சீரமைப்பின் முதற்படி, பழுதுற்ற கணுவை நிறுத்தி அதன் கோப்புகளை வேறு வட்டுக்குப் படியெடுத்தல். அவசரத்தில் இப்படி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அடுத்து, இயங்குதளக் கருவின் செய்திகளிலும் வட்டின் தன்னிலை அறிக்கையிலும் பிழைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வட்டு பழுதாகியிருந்தால், அதே வட்டில் செய்யப்படும் எச்சீரமைப்பும் நிலைக்காது. பிற கணுக்களில் அதே எண்ணுடைய பதிவு நலமாக உள்ளதா என்பதும் அறியப்பட வேண்டும். பல கணுக்களில் ஒரே இடத்தில் சிதைவு காணப்பட்டால் அது வட்டின் குறையன்று. மென்பொருளின் வழுவாகவே இருக்கக்கூடும்.

பெரும்பான்மைக் கணுக்கள் நலமாக இருந்தால், கெட்ட கோப்பைப் பழுதுபார்ப்பதைவிடக் கணுவைப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பானது. எட்சிடியில் பழுதுற்ற கணுவை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் தரவு அடைவை வெறுமையாக்கி, புதிய உறுப்பினராகச் சேர்ப்பர். புதிய அடையாளம் தரப்படுவதால், பழைய வாக்குகளை மறந்த கணு பழைய பெயரில் மீண்டும் வாக்களிக்கும் ஆபத்து இல்லை. சூக்கீப்பரில் பதிவுக் கோப்புகளை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் தொடங்கலாம். ஆனால் பிற கணுக்கள் அனைத்தும் இயங்குகின்றன என்பதை முன்னரே உறுதிசெய்ய வேண்டும் என அதன் கையேடு கூறுகிறது. காரணம் மேலே கண்ட எடுத்துக்காட்டிலேயே உள்ளது.

போஸ்ட்கிரெஸில் முன்னெழுத்துப் பதிவை வலிந்து மீளமைக்கும் கருவி ஒன்று உண்டு. 2017இல் வெளியான 10ஆம் பதிப்பில் இதன் பெயர் பிஜி-ரீசெட்வால் என மாற்றப்பட்டது. தரவுத்தளத்தை எழுப்பிவிடும், ஆனால் உள்ளிருக்கும் தரவு முரணற்றது என்பதற்கு உறுதி கிடையாது. எழுந்தவுடன் தரவை வெளியெடுத்துப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

எழுதியதை உறுதிசெய்தலில் இருந்த குறை

தரவு வட்டில் பதிந்ததை உறுதிசெய்ய நிரல்கள் எஃப்சிங்க் என்னும் அழைப்பைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸில் இவ்வழைப்பு ஒருமுறை தோல்வியுற்றால், எழுதப்படாத பக்கங்களையும் கருவானது எழுதப்பட்டவையாகக் குறித்துவிடுவது 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. நிரல் இரண்டாம் முறை அழைக்கும்போது வெற்றி என்ற விடை கிடைக்கும். தரவோ வட்டில் இராது. 2019 பெப்ரவரியில் வெளியான திருத்தப் பதிப்புகள் முதல், இவ்வழைப்பு தோல்வியுற்றால் போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் உடனே நின்று, முன்னெழுத்துப் பதிவிலிருந்து மீண்டெழுமாறு மாற்றப்பட்டது.