கம்பளத்துக்குக் கீழே ஒரு நூற்றாண்டு

லண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட்ஹாமில் உறவினர் வீடொன்றில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது கண்டதே இக்கட்டுரைக்குக் காரணம். எனக்கு மருமகன் முறையான இளைஞர் ஒருவர், 1900 களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வரிசை வீடொன்றை வங்கிக் கடனில் வாங்கியிருந்தார். சுவர்த்தாள் உரிந்து தொங்கியது. முன் அறையின் கம்பளம் நாற்றமெடுத்தது. "மாமா, கையிலை காசு கனக்க இல்லை. நிலத்தைச் சரியாக்கினால் அரைவாசி வீடு சரி" என்றவாறு, ஒரு சனிக்கிழமை காலையில் அவர் கம்பளத்தின் மூலையைப் பிடித்து இழுத்தார்.

கம்பளத்தின் கீழே பொடியாகிப்போன றப்பர் விரிப்பு. அதன் கீழே மண்ணிறத்தில் ‘ஹார்ட்போர்ட்’ எனப்படும் அழுத்திய மரநார் அட்டை. அதன் கீழே பூப்போட்ட லினோலியம். அதற்கும் கீழே, குளிருக்கென விரிக்கப்பட்ட பழைய செய்தித்தாள்கள். இவை யாவற்றுக்கும் அடியில்தான் பலகைத்தளம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் செய்தித்தாளில் உழைத்தவனுக்குப் பலகையைவிடத் தாளே முதலில் கண்ணில் பட்டது வியப்பன்று. அது 1956 ஆம் ஆண்டு ஜூலைத் தாள். சுயஸ் கால்வாயை நாசர் தேசியமயமாக்கிய செய்தி முதற்பக்கத்தில். அதே கோடையில்தான் கொழும்பில் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் நிறைவேறியது. அந்தத் தாளை விரித்த குடும்பத்துக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அச்சட்டத்தில் தொடங்கிய பாதையில்தான், பல பத்தாண்டுகளின் பின் ஒரு தமிழ்க் குடும்பம் அந்த அறைக்கு வந்து சேர்ந்தது.

இன்று ‘அசல் விக்ரோறியப் பலகைத்தளம்’ என்று வீட்டுத்தரகர் விளம்பரங்களில் போற்றப்படும் இப்பலகைகள், கட்டப்பட்ட காலத்தில் மிக மலிவான பொருளாகவே கருதப்பட்டன. ‘டீல்’ எனத் தச்சர் அழைத்த இந்த மென்மரப் பலகைகள் ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் பால்டிக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தன. நெப்போலியன் காலத்துப் போரின்போது பால்டிக் மரத்தின் மீது பெருந்தீர்வை விதிக்கப்பட்டுக் கனடிய மரம் ஆதரிக்கப்பட்டது. படிப்படியாகக் குறைந்த தீர்வை 1866 இல் முற்றாக நீங்கியது. நீராவி மரஆலைகளும் சேர்ந்துகொள்ள, தொழிலாளர் குடியிருப்புகளுக்குக்கூடப் பலகைத்தளம் கட்டுபடியாயிற்று. இவற்றை வெறுமையாகக் காட்டுவது எவருடைய நோக்கமுமன்று. வசதியுள்ளோர் நடுவே சதுரக் கம்பளம் விரித்து, தெரியும் ஓரத்துக்கு மட்டும் கருஞ்சாயம் பூசினர். எங்கள் ஈஸ்ட்ஹாம் வீட்டிலும் சுவரோரமாக ஒரு முழ அகலத்தில் அக்கருமை மங்காமல் இருந்தது.

கம்பளம் வாங்க இயலாதோருக்கு வாய்த்தது லினோலியம். பிரெடரிக் வால்ற்றன் 1863 இல் காப்புரிமை பெற்ற இவ்விரிப்பு, காற்றில் உறையவிட்ட ஆளிவிதை எண்ணெயையும் அரைத்த தக்கையையும் சணல் துணியில் அழுத்திச் செய்யப்பட்டது. காப்புரிமைக்காலம் முடிந்ததும், 1877 இல் ஸ்கொத்லாந்தின் கேர்க்கால்டி நகரில் நெயர்ன் நிறுவனம் அதே பொருளைச் செய்யத் தொடங்கியது. ‘லினோலியம்’ என்ற பெயருக்காக வால்ற்றன் தரப்பு தொடுத்த வழக்கும் தோற்றது. அதற்குள் அப்பெயர் ஊர்ச்சொல்லாகிவிட்டிருந்தது. அந்தச் சணல் நமது அயல்நாடான வங்காளத்தில் விளைந்தது. பிரித்தானியத் தொழிலாளியின் காலுக்குக் கீழும் பேரரசு விரிந்துகிடந்தது.

இரண்டாம் உலகப்போர் மரத்தை அரிதாக்கியது. 1940 செப்ரெம்பர் 7 ஆம் திகதி, லண்டன் மீதான பெருங்குண்டுவீச்சின் முதல்நாளில், சறே துறைமுகத்தில் மலைபோல் குவிந்திருந்த மரம் தீப்பற்றி எரிந்தது. போருக்குப் பின்னரும் மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தமையால் புதிய வீடுகள் பலவற்றுக்குக் கொங்கிறீற்றுத் தளமே இடப்பட்டது. பழைய வீட்டுக்காரர் கிடைத்ததைக் கொண்டு மூடினர்.

மூடுவதே நவீனம் என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் பரி பக்னெல். 1962 இல் பி.பி.சி. நிறுவனம் ஈலிங் பகுதியில் பாழடைந்த வீடொன்றை 2,250 பவுணுக்கு வாங்கி, அதை அவர் புதுப்பிப்பதை வாரந்தோறும் ஒளிபரப்பியது. செதுக்குவேலைக் கதவின் மீது ஹார்ட்போர்ட் அறைந்து மட்டமாக்குவதும், கணப்படுப்பை அடைப்பதும், மாடிப்படிக் கம்பிகளை மறைப்பதும் அவர் காட்டிய வழிகள். பிற்காலத்தவர் அவரை ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தூசு துடைத்தே களைத்துப்போன பெண்களுக்கு மட்டமான பரப்பு ஒரு விடுதலை. மேலும், அட்டையை அறைந்து மூடியமையாலேயே அக்கதவுகள் பல தப்பின.

ஆனால் தளத்தைப் பொறுத்தவரை ஒரு பிழை நேர்ந்தது. அதன் விலையை இன்றும் பலர் செலுத்துகின்றனர். இவ்வீடுகளின் கீழ்த்தளம் மண்ணில் படிந்திருப்பதில்லை. பலகைகளைத் தாங்கும் மரச்சட்டங்கள் சிறு சுவர்களின் மீது கிடக்க, அடியில் வெற்றிடம் இருக்கும். வெளிச்சுவரின் அடியில் துளையிட்ட கற்கள் பதித்திருப்பர். முன்புறத் துளையால் புகும் காற்று பின்புறத்தால் வெளியேறி, மண்ணின் ஈரத்தை அள்ளிச் செல்லும். குளிர்காற்று வருகிறதென்று இத்துளைகளைச் சீமெந்தால் அடைத்தவர் பலர். முற்றத்தை உயர்த்தி அவற்றைப் புதைத்தவரும் உளர். மரத்தின் ஈரப்பதன் 20 வீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் குடியேறும். மேலே கம்பளமும் அட்டையும் மூடியிருக்கும்போது, கால் உள்ளே புதையும் நாள் வரை எவருக்கும் அது தெரியாது.

இனிப் பணத்தின் கதை. பழைய வீடுகளைத் திருத்த 1949 ஆம் ஆண்டின் சட்டம் மானியம் வழங்கத் தொடங்கியது. 1969 ஆம் ஆண்டுச் சட்டம், செலவில் பாதியை ஏற்கும் மானியத்தின் உச்ச வரம்பை 400 பவுணிலிருந்து 1,000 பவுணாக உயர்த்தியதோடு, பழைய நிபந்தனைகளையும் தளர்த்தியது. நல்ல நோக்கமே. விளைவோ வேறு. கட்டுப்பட்ட வாடகையில் குடியிருப்போர் உள்ள வீட்டைவிட வெறுமையான வீட்டுக்கு விலை பன்மடங்கு. குடியிருந்தோருக்குச் சிறு தொகை கொடுத்தும், இயலாவிடின் தொல்லை கொடுத்தும் வெளியேற்றினர். இத்தகைய தொல்லைகளை மில்னர் ஹொலண்ட் குழு 1965 இலேயே பதிவுசெய்திருந்தது. மானியம் பெருகிய பின் இஸ்லிங்ரனின் பார்ன்ஸ்பெரி போன்ற இடங்களில் அது மேலும் இலாபமான தொழிலாயிற்று. அரச பணத்தில் வீடு திருத்தப்பட்டது. அதில் தலைமுறையாக வாழ்ந்தவர் தெருவுக்கு வந்தார். புதிதாக வந்த நடுத்தர வர்க்கத்தினர் லினோலியத்தைக் கிழித்தெறிந்து பலகையைத் தேய்த்து மெருகிட்டனர். ஏழையின் வீட்டில் வறுமையாகத் தெரிந்த வெறும் பலகை அவர்களது வீட்டில் இரசனையாயிற்று. 1974 இல் புதிய சட்டம் நிபந்தனைகளை மீண்டும் விதித்தபோது போனவர் போய்விட்டனர்.

ஈஸ்ட்ஹாம் அந்தச் சுழலுக்குள் அன்று அகப்படவில்லை. அங்கு வீடு மலிவாகவே இருந்தது. 1983 க்குப் பின் நம்மவர் அங்கு குடியேறியமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மருமகனிடம் திரும்புவோம். யன்னலோரத்தில் மூன்று பலகைகள் உளுத்திருந்தன. வெளியே சென்று பார்த்தபோது நான் எதிர்பார்த்தவாறே துளைக்கல் சீமெந்தால் அடைபட்டிருந்தது. முதலில் அதைத் திறந்து, சட்டங்கள் உலரும்வரை ஒரு மாதம் பொறுத்தார். பழைய மரம் விற்கும் கடையில் அதே தடிப்புள்ள பலகைகளைத் தேடி வாங்கினார். வாரஇறுதி வாடகைக்குத் தேய்க்கும் இயந்திரம் எடுக்குமுன், ஒவ்வோர் ஆணியையும் பலகை மட்டத்துக்குக் கீழே அடித்து இறக்கினார். ஒரு தலை மேலே நின்றாலும் மணற்தாள் கிழிந்துவிடும். பழைய பூச்சில் ஈயம் உண்டா என்று சோதித்துப் பார்த்தார். சமையலறையில் கறுப்புப் பசையில் ஒட்டிய பழைய ஓடுகளைத் தொடவே இல்லை. 1999 க்கு முன்னர் ஒட்டிய அத்தகைய ஓடுகளில் கல்நார் இருக்கலாம் என்பதால், அவற்றின் மீதே புதிய விரிப்பைப் போட்டார். பெரிய இடைவெளிகளுக்கு மென்மரச் சீவல்களைப் பசையிட்டுச் செருகினார். பணம் முன் அறைக்கும் நடைக்கும் மட்டுமே போதுமாயிருந்தது.

மெருகு காய்ந்ததும் தளம் தேன் நிறத்தில் மின்னியது. சுவரோரக் கருமையில் ஓரிடத்தை மட்டும், நான் கேட்டுக்கொண்டதற்காக, தேய்க்காமல் விட்டிருந்தார். கார்த்திகையில் ஊரிலிருந்து அவரது தாயார் வந்தார். செருப்பில்லாமல் முன் அறைக்குள் காலை வைத்தவர், "தம்பி, கால் விறைக்குது, இதிலை ஒரு கார்ப்பெற்றைப் போடு" என்றார். அடுத்த சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்தனர். பெரிது அன்று, நடுவில் விரிக்கும் சதுரம்.