புளியங்கூடலில் ஒரு கடன் கொப்பி

"உதை எழுதி என்ன செய்யிறது பிள்ளை? அரிசியைக் குறைக்கிறதே?"

2023 மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் புளியங்கூடலில் தன் வீட்டு விறாந்தையில் இருந்தபடி சின்னம்மா கேட்ட கேள்வி இது. என் கையில் ஒரு புதுக் கொப்பி. வீட்டுச் செலவைக் குறைத்துக் கடனிலிருந்து வெளிவருவது பற்றி எழுத நினைத்திருந்தேன். முதலில் சொந்தத்துக்குள் செய்து பார்ப்போம் என்றுதான் போனேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

1990 இல் தீவை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் அது. வன்னியிலிருந்து சித்தப்பா திரும்பவில்லை. சின்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும் திரும்பினார்கள். மகன் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு மேசன் வேலைக்குப் போகிறான். மகள் சாதாரண தரம் படிக்கிறாள். சின்னம்மா தைக்கிறார், கோழி வளர்க்கிறார். எல்லாம் சேர்ந்து மாத வரவு ஏறத்தாழ 46,000 ரூபா.

செலவுப் பக்கத்தை எழுதத் தொடங்கியதும் அவர் அரிசி, தேங்காய், குடிதண்ணீர் என்று அடுக்கினார். வீட்டுக் கிணறு உவர் என்பதால் குடிக்கிற தண்ணீரும் காசுதான். கடன்களை அவர் செலவாகவே சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். மோட்டார் சைக்கிள் லீசிங் மாதம் 9,800. இரண்டு கிழமைக் கடன்கள், 1,300 உம் 950 உம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபா வட்டியில் ஒருவரிடம் வாங்கிய 40,000 கைக்கடனுக்கு 2,000. மாதத்துக்கு நாலு கிழமை என்று போட்டாலே 20,800 ரூபா. ஐந்து திங்கட்கிழமை வருகிற மாதத்தில் இன்னும் 2,250 கூடும். மாதச் செலவை எழுதும் வீடுகள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஐந்தாவது கிழமையைத்தான்.

மற்றச் செலவு 30,500. மொத்தம் 51,300. ஒவ்வொரு மாதமும் 5,300 ரூபா துண்டு விழுந்தது. அதைக் கடைக் கடனும் அடகும் நிரப்பின.

முதலில் குறைக்கக்கூடியதைக் குறைத்தோம். மூன்று போன்களுக்கும் நாளுக்கு நாள் போட்ட ரீலோட்டை நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் மாதப் பக்கேஜ் போட்டதில் 1,500 மிச்சம். காஸைக் காலையில் மட்டும் எரித்து, மற்ற நேரம் பனை மட்டையும் கொக்கறையும் எரித்ததில் 1,400. மகன் வேலை தவிர்ந்த ஓட்டத்தைக் குறைத்ததில் பெற்றோல் 1,200. தேயிலை, சவர்க்காரத் தூள், சம்போ எல்லாவற்றையும் சின்னப் பைக்கற்றுகளாகக் கடனுக்கு வாங்காமல், கூலி வந்த கையோடு மாதத்துக்கு ஒருமுறை வாங்கியதில் 1,300. கடன் கொப்பி உள்ள கடையில் விலை பேச முடியாது என்பதும் ஒரு செலவுதான். விளக்கை அணைத்து மிச்சம் பிடித்தது மட்டும் கணக்கில் வரவில்லை. அந்த மாதம்தான் மின்கட்டணம் சராசரியாக 66 வீதம் கூடியது.

இதற்கு மேல் குறைக்க இடமில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சனம் ஏற்கனவே கறியைக் குறைத்து, மீனைக் குறைத்து இருந்த காலம். முட்டை முழுவதையும் விற்றுவந்த சின்னம்மாவிடம், மகளுக்கு நாளுக்கு ஒன்றை ஒதுக்கச் சொன்னேன். ரியூசன் காசிலும் கை வைக்கவில்லை.

ஆக 5,400 ரூபா மிச்சம். துண்டு அடைபட்டது, அவ்வளவுதான். கடன் ஒரு ரூபாவும் கூடுதலாகக் குறையவில்லை.

பிறகு கடன்களையே செலவாக எடுத்துப் பார்த்தோம். ஒரு கிழமைக் கடன் 50,000. கிழமைக்கு 1,300 படி 52 கிழமை, மொத்தம் 67,600. வட்டி 17,600, அதாவது 35 வீதம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கிறார். வருடம் முழுவதும் அவர் கையில் 50,000 இருக்கவில்லை. சராசரியாகப் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் இருந்தது. அந்தத் தொகைக்குக் கணக்குப் போட்டால் வருட வட்டி 60 வீதத்தைத் தாண்டும். எல்லோரும் பயப்படும் நூற்றுக்கு ஐந்து வட்டியும் வருடத்துக்கு 60 தான்.

இரண்டாவது கிழமைக் கடன் மகளின் சாமத்திய வீட்டுக்கு எடுத்தது. மண்டபம், வீடியோ. வெளிநாட்டில் இருந்து வந்து நின்ற சொந்தங்களுக்கு முன்னால் குறைவாகச் செய்ய முடியவில்லை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடியோவில் நானும் நிற்கிறேன்.

நீங்கள் எழுதுவதானால் ஒவ்வொரு கடனுக்கும் மிச்ச முதல், தவணை, இன்னும் எத்தனை தவணை, தவறினால் எதை இழப்போம் என்ற நாலையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் வரிசையைத் தீர்மானிக்கும். லீசிங் தவறினால் மோட்டார் சைக்கிள் போகும், அதோடு மகனின் வேலையும் போகும். கிழமைக் கடன் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்டவேண்டி வரும். ஆகவே இவை இரண்டும் தவறக்கூடாது. கைக்கடனில் வட்டி மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது, முதல் அப்படியே நின்றது. அதை உடைக்கவேண்டும்.

சின்னம்மாவிடம் ஒரு சங்கிலி இருந்தது. அதை வங்கியில் அடகு வைத்துக் கைக்கடனை ஒரேயடியாகக் கட்டினோம். அந்த நாட்களில் அடகு வட்டியும் கூடித்தான் இருந்தது. ஆனாலும் 60 வீதத்துக்குப் பக்கத்தில் வராது. பகுதி பகுதியாகக் கட்டியும் குறைக்கலாம். நகை இல்லாதவர்கள், ஊரில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினராகிச் சிறிது காலம் சேமிக்கவேண்டும் என்பதால் அவசரத்துக்கு உதவாது. வட்டி மிச்ச முதலுக்கா, முழு முதலுக்கா என்பதை எங்கே போனாலும் கேளுங்கள்.

950 ரூபாக் கடனில் 11 கிழமைதான் மிச்சம். முடிகிற நேரம் பார்த்து, "அக்கா நல்லாக் கட்டியிருக்கிறீங்கள், கூட்டித் தரலாம்" என்று வந்தார்கள். பழைய கடனின் மிச்சத்தைப் புதிய கடனில் கழித்துக்கொள்ளும் வழமை அது. நான் இதுவரை பார்த்த வீடுகளில் கடன் வளர்ந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சின்னம்மா வேண்டாம் என்றார். எனக்கே ஆச்சரியம்.

நன்றாகக் கட்டியதன் விலை அவருக்குத் தெரியும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அந்த வருடம் ஜூன் 30 இல் மூன்று மாதம் நிலுவையில் இருந்திருக்கவேண்டும் என்பது விதி. சின்னம்மா காப்பை அடகு வைத்து ஒரு கிழமையும் தவறாமல் கட்டியிருந்தார். நிலுவை இல்லை, தள்ளுபடியும் இல்லை. காப்பும் பிறகு ஏலத்தில் போனது.

கைக்கடன் வட்டி 2,000 உம், முடிந்த கடனின் மாதம் 3,800 உம், ஐப்பசிக்குப் பிறகு மற்றக் கடனின் 5,200 உம் அடகுக்குப் போயின. இரண்டு மாதம் பிழைத்தது. மாரியில் மகனுக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் லீசிங்கை மட்டும் எப்படியோ கட்டினார்கள். அரிசிக்கு நான் கொஞ்சம் கொடுத்தேன், அதையும் கொப்பியில் கடன் என்றே எழுதி வைத்திருந்தார்.

2024 தைப்பொங்கலுக்கு முதல் நாள் போன் எடுத்தார். சங்கிலியை மீட்டாயிற்று, லீசிங்கில் இன்னும் ஏழு தவணை என்றார். அடுத்த கொப்பிக்கு 160 பக்கம் வேண்டுமாம், வரும்போது வாங்கி வரச் சொன்னார்.