உடற்பயிற்சியும் மன அழுத்தத் தணிவும்: சிங்கப்பெருமாள் கோவில் – ஒரகடம் தொழிற்பகுதி

மன அழுத்தத்தைத் தணிக்கும் வழிகளுள் செலவு குறைந்ததும் எளியதும் சீரான உடற்பயிற்சி. செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்பகுதியில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு கேள்வி வரும்: “ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கிறோம், இதற்கு மேல் எக்சர்சைஸ் எதற்கு?” உழைப்பும் பயிற்சியும் உடலில் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதே அதற்கு விடை.

பின்னணி

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். 1990களில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் ஆலையும், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உண்பதையும் உறங்குவதையும் ஷிஃப்டும் கம்பெனி பஸ்ஸும் ஓ.டி.யும் தீர்மானிக்கும் வாழ்க்கை இங்கே பலருக்கும் பொது.

உடலில் நிகழ்வது

மிரட்டும் சூழலில் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாவதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். பலவகைத் தீங்குகளுக்கும் உடல் ஒரே பாங்கில் எதிர்வினை புரிவதை ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதினார். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஆபத்து நீங்கினால் இந்த எதிர்வினை அடங்க வேண்டும். டார்கெட், தூக்கக்குறைவு, கடன் தவணை போன்றவை ஓயாதபோது அது முழுமையாக அடங்குவதில்லை.

பயிற்சியின்போதும் இதயம் விரைகிறது, கார்டிசால் ஏறுகிறது. ஆனால் அது குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிந்து, ஓய்வில் இறங்குகிறது. ஏறி இறங்கிப் பழகிய உடல் மற்றப் பதற்றங்களிலிருந்தும் விரைவில் மீள முனைகிறது. தூக்கமும் சீர்படுகிறது.

ஓடியபின் வரும் இதத்துக்கு எண்டார்ஃபின்களே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இரத்தத்திலுள்ள எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அதனால் அண்மைக்கால ஆய்வுகள் உடலே உண்டாக்கும் எண்டோகன்னபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்களின் பக்கம் சாய்கின்றன. அவற்றுள் ஒன்றான ‘ஆனந்தமைடு’ 1992இல் கண்டறியப்பட்டபோது, ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லைக் கொண்டே பெயரிடப்பட்டது.

உழைப்பும் பயிற்சியும்

லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மாரிஸ், உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிக்கு ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என 1953இல் காட்டினார். எல்லா உழைப்பும் அப்படிக் காப்பதில்லை. கோபன்ஹேகனில் 1 லட்சத்து 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021இல் வெளியானது. ஓய்வுநேர உடலசைவு மிகுந்தவர்களுக்கு இதயநோயும் இறப்பும் குறைந்தும், வேலையில் உடலசைவு மிகுந்தவர்களுக்கு அவை கூடியும் இருந்தன.

காரணத்தை அசெம்பிளி லைனில் பார்க்கலாம். வண்டி நகர்ந்து வருகிறது. அது அடுத்த ஸ்டேஷனுக்குப் போவதற்குள் அதே நட்டை அதே கையால் முறுக்கியாக வேண்டும். வேகம் லைனுடையது. ஒரு தோள் ஓயாமல் உழைக்க, கால்கள் நின்ற இடத்தில் இறுகுகின்றன. இதயமோ மூச்சு வாங்கும் அளவுக்கு விரைவதில்லை, முழு ஓய்வும் பெறுவதில்லை. நடைப்பயிற்சியில் வேகமும் நிறுத்தமும் நடப்பவர் கையில் இருக்கின்றன.

அளவும் வழிகளும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் பயிற்சி தேவை. வாரம் இரு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்குவதே ‘மிதமான’ பயிற்சி.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்தது. ஜப்பானில் 1928 முதல் வானொலி வழியே பரவிய கூட்டுப் பயிற்சி, அங்குள்ள ஆலைகளில் வேலைக்கு முந்தைய வழக்கமாகவே ஆனது. மாலை வாலிபால், கபடி, சிலம்பம், யோகாசனம் எதுவும் பயன் தரும். கூடி ஆடுவதில் தனிமையும் குறைகிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலேயே ஒரு பழைய நடை உண்டு. இவ்வூர்க் கோயிலின் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் பாறையோடு பாறையாக இருப்பதால், அவரை வலம்வர நினைப்பவர் குன்றையே சுற்றி நடக்க வேண்டும்.

நைட் ஷிஃப்ட் முடித்தவர் உடனே கடும் பயிற்சியில் இறங்காமல், தூங்கி எழுந்தபின் செய்வது நல்லது. கோடையில் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தைவிட ஊர்த் தெருவோ ஏரிக்கரையோ பாதுகாப்பானது.

வரம்புகள்

பயிற்சி அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் கூட்டும். அழுத்தத்தின் காரணத்தை நீக்காது. காண்ட்ராக்ட் வேலையின் நிச்சயமின்மைக்கும், ஃபோர்டு 2021இல் அறிவித்தது போன்ற உற்பத்தி நிறுத்தத்துக்கும் தீர்வு நடைப்பயிற்சியில் இல்லை. வேலை நேரம், ஓய்வு, ஊதியம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவ உதவி அவசியம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.