கடல் கடந்தோர் கட்டிய வீடு



தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று நாம் குடியிருக்கும் இல்லம். மற்றொன்று அறம், பொருள், இன்பம் மூன்றையும் கடந்து உயிர் அடையும் பேறு. இவ்விரண்டையும் ஒரே சொல் குறிப்பதன் அருமையை, ஊரை விட்டு வந்து குவார்ட்டர்ஸில் காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர் நன்கு உணர்வர். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டிய வீடு நம் வீடு ஆகுமா? ஆதலின், வெளிநாடு சென்று பொருளீட்டிய தமிழர் தம் சொந்தக் கிராமங்களில் எழுப்பிய வீடுகளைப் பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தோம். யாம் வரலாற்றுப் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவர். கண்டதையும் கற்றதையும் மட்டுமே இங்குக் கூறுகின்றோம்.

கட்டியவர் யார்?

தமிழ்நாட்டில் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள பகுதி செட்டிநாடு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஊர்கள் முற்காலத்தில் 96 என்பர். இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. அது ஆற்றுவளம் அற்ற வானம் பார்த்த பூமி. ஆகவே அம்மக்கள் வாணிகத்தையும் கொடுக்கல் வாங்கலையும் நம்பிக் கடல் கடந்தனர். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரும் சந்தை பிறந்தது. ஐராவதிப் படுகையில் காடு திருத்தி நெல் விளைத்த உழவர்க்கு முதல் கொடுத்தவருள் நகரத்தாரே முதன்மையானவர். இலங்கையிலும் மலாயாவிலும் அவர்தம் தொழில் பரவியது. ஈட்டிய பொருள் ஊர் வந்து கோயில் திருப்பணியாயிற்று, பள்ளியாயிற்று, ஊருணியாயிற்று, வீடுமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை இவ்வீடுகள் எழுந்தன.

அமைப்பு

சென்ற விடுப்பின்போது கானாடுகாத்தான் தெருக்களில் ஒருநாள் முழுவதும் நடந்தோம். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக உள்ளன. பெரிய வீடுகளின் தலைவாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் அமைந்துள்ளன. கதவுகள் எல்லாம் திறந்திருப்பின், தலைவாயிலில் நிற்பவர் பின்வாயிலின் வெளிச்சத்தைக் காணலாம்.

முதலில் முகப்பு. அங்கு உயர்ந்த திண்ணைகள். அவையே ஆண்மக்கள் விருந்தினரை வரவேற்று, கணக்கு வழக்குப் பார்த்த இடம். அதன்பின் தேக்கினால் ஆன தலைவாயில். நிலையின் மேற்பகுதியில் கஜலட்சுமி உருவம் செதுக்கப்பட்டிருக்கும். கதவைக் கடந்தால் வளவு எனப்படும் பெரிய முற்றம். வானம் நோக்கித் திறந்த அம்முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசையும், அதன் இருபுறமும் அறைகளும் உள்ளன. அடுத்த கட்டு பந்தி நடக்கும் இடம். அதற்கும் அடுத்தது அடுப்படி. கடைசியில் பின்கட்டும் கிணறும்.

அறைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நகரத்தாருள் மணமான ஆண் ஒரு 'புள்ளி' எனப்படுவான். மணமான மகனைப் பெற்றோர் சில காலத்தில் 'வேறு வைப்பர்'. அதாவது, அவனும் மனைவியும் தனியே சமைத்து, தனிக் கணக்கில் வாழ்வர். ஆயினும் குடியிருப்பது அதே வீட்டில்தான். ஒரு கூரையின்கீழ்ப் பல அடுப்புகள்! கூடி வாழ்தலும் தனித்து நிற்றலும் இவ்வாறு ஒரே வீட்டுக்குள் அடங்கின.

பொருள்கள்

தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும், இரும்பு உத்திரம் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. சுவர்ப் பூச்சோ நம் கொத்தனாரின் கைத்திறன். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் நீர் கலந்து, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைப்பர். அச்சுவர் இன்றும் கண்ணாடிபோல் வழவழப்பாக உள்ளது. கோடையிலும் குளிர்ச்சி தருகின்றது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்தினால், கண்ணாடி தானே பிரிந்துவிடும். இதற்குச் சூளை வேண்டா. கால் படப்பட இதன் பளபளப்பு கூடும். ஆத்தங்குடியில் இத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

கூரையில் நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காய்ப் பதித்தனர். சரிந்த கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் சேரும். வீட்டைவிட்டு வெளியேறும் நீர் வாய்க்கால் வழியே ஊருணியைச் சென்றடையும். மழை குறைந்த நாட்டில் ஒரு துளியும் வீணாகாமல் காத்த அறிவு இது.

சரிவு

1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தது. பர்மா உழவர் கடனைத் திருப்ப இயலாமல் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்தது. நிலம் இழந்தவர் மனத்தில் பகையும் வளர்ந்தது. இவ்வீடுகளின் பெருமையைப் பேசும் நாம் அவ்வுழவரின் துயரையும் மறத்தல் தகாது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். நம் நாட்டவர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து, நடந்தே அஸ்ஸாம் வந்தனர். 1948-இல் பர்மா அரசு நில உடைமைச் சட்டம் இயற்றியது. 1963-இல் வங்கிகளையும் அரசுடைமையாக்கியது. அங்கிருந்த நிலம் போயிற்று. இங்கிருந்த வீடே எஞ்சியது.

அவ்வீட்டுக்கும் இன்று பங்காளிகள் பலர். சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழும் அவர்கள் திருமணத்திற்கும் படைப்பிற்கும் கூடுவர். பின் பூட்டிச் செல்வர். யாம் கண்ட ஒரு வீட்டில் காவலிருக்கும் மூதாட்டி கூறினார்: "எல்லாரும் வந்தாக வீடு பத்தாது, தம்பி, இல்லாட்டி நா ஒருத்திதான்." பழுது பார்க்கும் செலவு தாங்காமல் இடிக்கப்பட்டவை பல. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலை கூறப்படுகின்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துள்ளன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன என்பது ஓர் ஆறுதல்.

நமக்கு என்ன?

எம் பாட்டனார் வீடு மாளிகையன்று. திண்ணையும் சிறு முற்றமும் உடைய ஓட்டு வீடு. பங்காளிகள் நால்வர். நால்வரும் நான்கு ஊரில். சில ஆண்டுகளுக்குமுன் கூடிப் பேசி விற்றுவிட்டோம். எவர்மீதும் குறையில்லை, யாமும் கையொப்பம் இட்டோம். ஆயின் ஒன்று மட்டும் உறுத்துகின்றது. நாள்தோறும் பிறர் அனுப்பும் சரக்கின் எண்ணிக்கையையும் எடையையும் பிழையின்றிப் பதிவு செய்யும் யாம், எம் வீட்டு முற்றத்தின் நீள அகலத்தை ஒரு துண்டுத் தாளிலும் குறித்து வைக்கவில்லை. எம் மக்கள் கேட்டால் கையை விரித்துத்தான் காட்ட வேண்டியுள்ளது.

ஆதலின் அன்பர்களே, அடுத்த விடுப்பில் ஊர் செல்லும்போது ஓர் அளவு நாடாவும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளை நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். திண்ணை எத்தனை அடி, தூண் எந்த மரம், கட்டிய கொத்தனார் யார் என்பனவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டைக் காக்க இயலுவோர் காக்கட்டும். இயலாதோர் அதன் வரலாற்றையேனும் காப்போம். எழுதியதைச் சங்கத்தில் சேர்த்தால் வரும் மலர்களில் ஒவ்வொன்றாய் அச்சேற்றலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!