சென்னைப் பட்டினமும் நம் மக்களும்

கடற்கரைப் பட்டினங்கள் பல இனத்தாரும் பல மொழியினரும் கூடி வாழும் இடங்களாகும். காவிரிப்பூம்பட்டினத்தில் வேற்று மொழி பேசும் வணிகர்கள் கலந்து இனிது வாழ்ந்தமையைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் எழுந்த சென்னைப் பட்டினமும் அத்தகையதே. அப்பட்டினம் நம் மக்களுக்குக் கொடுத்தது என்ன? கொடுக்க மறுத்தது என்ன? இவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1639-இல் ஆங்கிலேயக் கம்பெனியார் இங்கு இடம் பெற்றபோது, தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர் ஏற்கெனவே குடியேறியிருந்தனர். பின்னர் தெலுங்கு வணிகரும், ஆர்மீனியரும், குஜராத்தியரும், முஸ்லிம்களும் பெருகினர். 1772-இல் இன்றைய ஆர்மீனியர் தேவாலயமும், 1795-இல் திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலும் எழுந்தன. துறைமுகம் இல்லாத அக்காலத்தில், கப்பலில் வந்த சரக்கும் பயணிகளும் மசூலாப் படகேறி, அலைகளைக் கடந்தே கரை சேர வேண்டியிருந்தது. அப்படகுகளைச் செலுத்தியவர்களும், மூட்டை சுமந்தவர்களும், வெள்ளையர் இல்லங்களில் ஊழியம் செய்தவர்களும் உழைக்கும் மக்களே. அவர்களில் நம் முன்னோர் பெருந்தொகையினர். கம்பெனியின் படைகளிலும் அவர்கள் பணியாற்றினர்.

ஆயினும், ஊரில் இருந்த சேரி பட்டினத்திலும் தோன்றிவிட்டது. வெள்ளையர் கோட்டைக்குள் வாழ்ந்தனர். இந்தியர் வாழ்ந்த பகுதி 'கறுப்பர் பட்டணம்' எனப்பட்டது. அக்கறுப்பர் பட்டணத்துள்ளும் சாதிக்கொரு தெரு. 1707-இல் வலங்கை, இடங்கைப் பூசல் முற்றியபோது, வலங்கையினருக்குப் பெத்தநாயக்கன்பேட்டையும், இடங்கையினருக்கு முத்தியாலுப்பேட்டையும் எனப் பிரித்துத் தீர்வு கண்டனர். நம் மக்கள் வாழ்ந்த இடமோ ஆங்கிலேயர் ஆவணங்களில் 'பெரிய பறைச்சேரி' என்றே குறிக்கப்பட்டது. பல இனத்தார் அருகருகே வாழ்வதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

எனினும் கிராமத்தில் கிட்டாத சில வாய்ப்புகள் பட்டினத்தில் கிட்டின. ஒரே பண்ணையாரை நம்பியிராமல் கூலி பெறும் வழி அவற்றுள் முதலாவது. பள்ளிக்கூடம் இரண்டாவது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது.

மூன்றாவது, அச்சுக்கூடம். கிராமத்தில் ஒருவனுடைய சாதியை ஊரே அறியும். பட்டினத்து நெரிசலில் அதனை மறைத்து வாழ்தல் இயலும். அவ்வாறு மறைத்து வாழ இடமிருந்த பட்டினத்தில், இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார்! எப்பெயரால் இழித்தார்களோ அப்பெயரையே தலைப்பாக்கிய துணிவு அது. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழி கண்டார். அவர் அப்பெயரை ஏற்க மறுத்து, நம்மவர் பூர்வ பௌத்தரே என வாதிட்டு, 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். எம்.சி. ராஜா 1922-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்தார். மூவரின் வழிகள் வேறு. ஆனால் நம்மை நாமே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை நமக்குண்டு என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர்.

இம்முன்னேற்றம் பூசலின்றி வந்ததன்று. 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேரவில்லை. அதனால் மூண்ட கலவரத்தில் புளியந்தோப்புக் குடிசைகள் தீக்கிரையாயின. ஒரே ஆலையில் உழைத்தவர்களைச் சாதி பிரித்த துயர வரலாறு அது. இரண்டே ஆண்டுகளில், 1923 மே முதல் நாள், மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் இதே பட்டினத்துக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். உழைப்போர் சாதி கடந்து ஒன்றுசேர வேண்டும் என்னும் எண்ணமும் இம்மணலில் விதைக்கப்பட்டது.

1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 1945-இல் என். சிவராஜும் இம்மாநகரின் மேயராயினர். 2022-இல் ஆர். பிரியா இப்பதவியை ஏற்ற முதல் தலித் பெண் ஆனார். பெரிய பறைச்சேரியிலிருந்து மேயர் இருக்கை வரை நடந்த தூரம் சிறிதன்று.

ஆனால் நடக்க வேண்டிய தூரமும் குறைவன்று. 2000-ஆம் ஆண்டு முதல், ஆற்றங்கரைகளிலும் நகரின் நடுவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அவர்களில் நம் மக்கள் மிகுதி. வீடு கிடைத்தது, ஆனால் வேலையும் பள்ளியும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிட்டன. பட்டினத்தைக் கட்டியவர்களே அதன் எல்லைக்குத் தள்ளப்படுவது நியாயமா?

இளைஞர்களே! பட்டினம் எவருக்கும் தானாக இடம் தருவதில்லை. நம் முன்னோர் படித்தனர், எழுதினர், மன்றங்களில் நின்று கேட்டனர், அதனால் பெற்றனர். வீடு மாறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் படிப்பை நிறுத்தினால், அக்குடும்பம் நூறாண்டு பின்னே தள்ளப்படும். அத்தகைய பிள்ளைகளைத் தேடிச்சென்று, அருகிலுள்ள பள்ளியில் சேர்த்து, மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவுக்கு இதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.